ஃபோல்டர் திறந்தால் கம்ப்யூட்டர் உறைகிறது: ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?

2024 நவம்பர் 17 (கேள்வி: கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர்)

வீட்டில் இருப்பது அசெம்பிள் செய்த பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 10. தீபாவளி முடிந்ததிலிருந்து ஒரே தொல்லை. ஃபோல்டரைத் திறந்தால் மேலே முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முக்கால் தூரத்தில் நின்றுவிடுகிறது. ரைட் கிளிக் செய்தால் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில நேரம் கீழே உள்ள டாஸ்க் பாரும் சேர்ந்து செத்துப்போகிறது. ஆஃப் செய்து ஆன் செய்தும் பார்த்தாச்சு. கடைக்காரர், "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் அடிச்சிடலாம், டேட்டா போனாலும் போகும்" என்கிறார். அக்கா கல்யாண வீடியோ, அப்பாவின் படகுப் பதிவுக் காகிதங்களின் ஸ்கேன் எல்லாம் டி டிரைவில் இருக்கிறது. வேறு வழி இல்லையா அண்ணா?

நவம்பர் 17, இரவு

ஃபார்மட் வேண்டாம். நோய் என்னவென்றே இன்னும் தெரியவில்லை.

தம்பி, இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். எல்லா ஃபோல்டரிலும் இப்படி ஆகிறதா, சிலவற்றில் மட்டுமா? டெஸ்க்டாப்பின் வெற்று இடத்தில் ரைட் கிளிக் செய்தாலும் வட்டம் சுற்றுகிறதா?

நவம்பர் 18

தம்பி பதில் போடும் வரை, இதே தொல்லை இருக்கிற மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

"ஆஃப் செய்து ஆன் செய்தாச்சு" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுக்கும்போது கம்ப்யூட்டர் முழுதாக அணைவதில்லை. உள்நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த தடவை அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இதை முதலில் செய்துவிடுங்கள்.

டாஸ்க் பாரும் சேர்ந்து சாவதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஃபோல்டரைக் காட்டுகிற அதே எக்ஸ்ப்ளோரர்தான் டெஸ்க்டாப்பையும் டாஸ்க் பாரையும் காட்டுகிறது. அது நின்றால் மூன்றும் நிற்கும். அதற்காகப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்காதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் வலது கீழ் மூலையில் ரீஸ்டார்ட் என்று பட்டன் மாறும். அழுத்துங்கள். திரை ஒரு கணம் வெறிச்சென்று ஆகித் திரும்பி வரும்.

இப்போது முக்கியமான விஷயம். எக்ஸ்ப்ளோரர் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். பெரும்பாலும் அது யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. பந்தியில் கடைசி ஆள் எழுந்திருக்கும் வரை இலை எடுக்காமல் நிற்பார்களே, அப்படி. யாருக்காக நிற்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். திருப்பாப்புலியூரில் வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, பில் புக். என் சொந்தத் தம்பி மாடியில் இருந்தபோது அவன் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு ஃபோல்டரை என் கம்ப்யூட்டரில் இசட் டிரைவாக இணைத்து வைத்திருந்தேன். அவன் வேலை மாறி நெய்வேலிக்குக் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இசட் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அதற்கப்புறம் "திஸ் பிசி" திறக்கும்போதெல்லாம் பச்சைக் கோடு ஊர்ந்து நிற்கும். வீட்டில் இல்லாத கம்ப்யூட்டரை எக்ஸ்ப்ளோரர் தேடிக்கொண்டிருந்தது. இசட்டின் மேல் ரைட் கிளிக், டிஸ்கனெக்ட். அன்றே சரியாகிவிட்டது. விண்டோஸைத் திரும்பப் போட்டிருந்தால் அது எதனால் சரியானது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் பக்கம் அப்படி ஏதாவது டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கிறதா பாருங்கள். இடப்பக்கம் குயிக் ஆக்சஸில் பின் செய்து வைத்த பழைய ஃபோல்டர்களையும் பாருங்கள். பிடுங்கிவிட்ட பென் டிரைவில் இருந்த ஃபோல்டர் அங்கே இன்னும் உட்கார்ந்திருக்கலாம்.

நவம்பர் 20

தம்பி வந்து சொன்னது: நெட்வொர்க் டிரைவ் எதுவும் இல்லை. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்தாலும் தாமதம் இருக்கிறது.

ரைட் கிளிக் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம், மற்ற மென்பொருள்கள் அந்த மெனுவில் செருகி வைக்கும் வரிகள். சுருக்கி விரிக்கும் மென்பொருள், ஆன்டிவைரஸ், படம் பார்க்கும் மென்பொருள், பிரிண்டரோடு வந்தது என்று ஒவ்வொன்றும் ஒரு வரி போடும். ரைட் கிளிக் செய்தவுடன் எக்ஸ்ப்ளோரர் அவை ஒவ்வொன்றையும் கூப்பிட்டுக் கேட்கிறது. ஒன்று பதில் சொல்லாவிட்டாலும் மெனு வராது.

நிர்சாஃப்டின் ஷெல்எக்ஸ்வியூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. திறந்தால் பட்டியல் ஒன்று வரும். மைக்ரோசாஃப்டுடையவை அல்லாதவை இளஞ்சிவப்புப் பின்னணியில் தெரியும். அவற்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தால் பொழுது போய்விடும். பாதியை முடக்குங்கள், எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், ரைட் கிளிக் செய்யுங்கள். சரியானால் குற்றவாளி அந்தப் பாதியில். இல்லையென்றால் மறுபாதியில். அப்புறம் அந்தப் பாதியையும் பாதியாக்குங்கள். இதில் எதையும் அழிப்பதில்லை, முடக்குவது மட்டும்தான். வேண்டுமென்றால் திரும்ப ஆன் செய்துகொள்ளலாம்.

நவம்பர் 21

நெல்லிக்குப்பத்து அக்கா கேட்டது வேறு கேள்வி, ஆனால் பக்கத்துக் கேள்வி. அவருக்கு டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மட்டும்தான் தாமதமாம்.

அக்கா, அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கஸ்டமைஸ். அங்கே பிக்சர்ஸ் அல்லது வீடியோஸ் என்று இருந்தால் ஜெனரல் ஐட்டம்ஸ் என்று மாற்றுங்கள். படத்துக்கும் வீடியோவுக்கும் உரிய ஃபோல்டர் என்று நினைத்துக்கொண்டால் எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு ஃபைலையும் உள்ளே திறந்து, எடுத்த தேதி, நீளம் எல்லாம் படித்துவிட்டுத்தான் வரிசைப்படுத்தும். வாட்ஸ்அப்பில் வந்த அத்தனையும் அங்கே கிடந்தால் நேரம் ஆகத்தான் செய்யும்.

நவம்பர் 24

தம்பியின் புதுத் தகவல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. ஷெல்எக்ஸ்வியூவில் ஒரு பழைய சுருக்கும் மென்பொருளின் வரியை முடக்கியதும் டெஸ்க்டாப் ரைட் கிளிக் சரியாகிவிட்டதாம். நல்லது. ஆனால் டி டிரைவைத் திறந்தால் பழைய கதைதானாம். சி டிரைவில் எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டும் தனித்தனி டிஸ்க் என்பதை இப்போதுதான் சொல்கிறார். சி ஒரு சின்ன எஸ்எஸ்டி. டி ஒரு பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

இனி எக்ஸ்ப்ளோரரை விட்டுவிட்டு ஒரு சோதனை. ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தட்டி அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து, டி டிரைவுக்குப் போய், டிஐஆர் என்ற கட்டளையைக் கொடுங்கள். அங்கே ஃபைலின் சின்ன முன்தோற்றப் படமும் (தம்ப்நெயில்) இல்லை, ரைட் கிளிக் மெனுவும் இல்லை. டிஸ்கைக் கேட்டு ஃபைல் பெயர்களை எழுதிக் காட்டும், அவ்வளவுதான். அது சட்டென்று வந்தால் சிக்கல் எக்ஸ்ப்ளோரரில் அல்லது அதில் செருகியவற்றில். அதுவும் நின்றால் சிக்கல் அதற்குக் கீழே, டிஸ்க் பக்கம். வேறு ஃபைல் மேனேஜர் போடலாமா என்று இங்கே கேட்ட இருவருக்கும் இதுவே பதில். டிஸ்க் பதில் தராதபோது எந்த ஃபைல் மேனேஜரும் நிற்கத்தான் செய்யும்.

நவம்பர் 24, மாலை

டிஐஆரும் நின்றது. டாஸ்க் மேனேஜரில் டி டிஸ்கின் ஆக்டிவ் டைம் 100 சதவீதம், படிக்கும் வேகம் 0.

தம்பி, வேறு எதையும் தொடாதீர்கள். டிஸ்கைச் சோதித்துப் பிழை திருத்தும் செக்டிஸ்க் கட்டளையைப் போடாதீர்கள். முக்கியமாக, சாய்கோடு போட்டு ஆர் சேர்த்த செக்டிஸ்க் கூடாது. அது டிஸ்கின் மேற்பரப்பு முழுவதையும் படித்துப் பார்க்கும். சாகக் கிடக்கிற டிஸ்காக இருந்தால் அந்த வேலையிலேயே போய்விடும். முதலில் நகல், அப்புறம்தான் வைத்தியம். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கடன் வாங்கியாவது ஏற்பாடு செய்யுங்கள்.

நவம்பர் 26

வங்கக்கடலில் புயல் சின்னம் வலுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் சீக்கிரம்.

எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டு நகல் எடுக்க முயன்றால் முதலில் மொத்த அளவைக் கணக்குப் போடவே உட்கார்ந்துவிடும். ரோபோகாப்பி என்ற கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. அது கணக்குப் போடாமல் நேராக நகலெடுக்கத் தொடங்கும். ஆனால் ஒரு பெரிய எச்சரிக்கை. ஒரு ஃபைல் படிக்க முடியாமல் போனால் அது இயல்பாக 10 லட்சம் தடவை திரும்ப முயலும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் 30 விநாடி காத்திருக்கும். ஒரே ஃபைலில் காலம் முழுக்க நிற்கும் என்று அர்த்தம். அதனால் கட்டளையின் கடைசியில் சாய்கோடு போட்டு ஆர் கோலன் 1, இன்னொரு சாய்கோடு போட்டு டபிள்யூ கோலன் 1 என்று சேருங்கள். ஒரு தடவை திரும்ப முயன்று, முடியாவிட்டால் அடுத்த ஃபைலுக்குப் போய்விடும்.

வரிசை: அப்பாவின் காகிதங்கள் முதலில், அவை சின்னவை, திரும்பக் கிடைப்பதும் கஷ்டம். அப்புறம் போட்டோ. வீடியோ கடைசியில்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று அடித்தபோது எங்கள் தெருவில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்கப்புறம் மழைக்காலம் தொடங்கும்போதே வாடிக்கையாளர் ஃபைல்களை வெளி டிஸ்கில் நகலெடுத்து, பாலித்தீன் கவரில் சுற்றிப் பரணில் வைத்துவிடுவேன். எல்லோரும் செய்யுங்கள்.

நவம்பர் 29

முக்கியமானவை நகல் ஆகிவிட்டனவாம். வீடியோ பாதி. போதும் தம்பி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பிளக்கையும் பிடுங்கி வையுங்கள். மாடெம் ஒயரையும்.

டிசம்பர் 5

இப்போதுதான் கரண்டும் நெட்டும் நிலையாக இருக்கிறது. 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. நாங்கள் தப்பித்தோம் என்று நினைத்தால், அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. ஆல்பேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு வாசகர் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, கட்டிலுக்குக் கீழே இருந்த சிபியு நனைந்துவிட்டது. "காய வைத்து ஆன் பண்ணலாமா" என்று கேட்கிறார்.

ஐயா, ஹார்ட் டிஸ்க் நனைந்திருந்தால் ஆன் செய்யவே கூடாது. வெளியில் காய்ந்துவிட்ட மாதிரி தெரிந்தாலும் நம்ப முடியாது. சாதாரண ஹார்ட் டிஸ்கின் மூடியில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை இருக்கும், இதை மூடாதே என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். சேற்றுத் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போயிருக்கலாம். தட்டு சுழலும்போது, படிக்கிற தலைக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு தூசி கூடத் தாங்காத இடைவெளிதான் இருக்கும். ஹேர் டிரையரும் வேண்டாம், அரிசி டப்பாவும் வேண்டாம். உள்ளே இருப்பது அவ்வளவு முக்கியம் என்றால் டேட்டா மீட்கிறவர்களிடம் அப்படியே கொடுங்கள். நனையாமல் தப்பித்த டிஸ்க் என்றால் அதை மட்டும் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்.

டிசம்பர் 6

முதுநகர்த் தம்பி, டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறார். எனக்கு ஆச்சரியம். டிஸ்க் சாகிறது என்றே நினைத்திருந்தேன். எண்கள் வேறு சொல்கின்றன.

டிஸ்கின் மேற்பரப்பு கெட்டிருந்தால் 05, சி5 என்ற இரண்டு வரிகளில் எண் ஏறியிருக்க வேண்டும். 05 என்பது கெட்ட இடத்துக்குப் பதிலாக மாற்றிடம் கொடுத்த கணக்கு. சி5 என்பது படிக்க முடியாமல், முடிவு தெரியாமல் நிற்கும் இடங்களின் கணக்கு. இவருக்கு இரண்டும் 0. ஏறியிருப்பது சி7. கடைசிக் கட்டத்தில் 1472 என்று இருக்கிறது. இந்த மென்பொருள் இயல்பாகப் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் முறை) காட்டும், நம் கணக்கில் அது 5,234.

சி7 ஏறினால் டிஸ்கில் எழுதியது சரியாகத்தான் இருக்கிறது, போகிற வழியில் கெடுகிறது. அதாவது டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் இருக்கும் சாட்டா கேபிள், அல்லது அதன் முனை. விண்டோஸ் நடந்ததைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியையும் பார்க்கச் சொன்னேன். கெட்ட பிளாக் என்று சொல்லும் 7ஆம் எண் ஒன்றுகூட இல்லை. டிஸ்கைத் தட்டி எழுப்பினேன் என்று சொல்லும் 129 வரிசையாக இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு என்றால் எனக்கு இதில் வியப்பில்லை. சிபியு மூடியின் திருகைப் பாருங்கள், தலை முழுக்கத் துரு இருக்கும். உப்புக் காற்று ஜன்னலுக்கு மட்டும் வருவதில்லை. எங்கள் வீடு கடலிலிருந்து தள்ளி இருந்தும், ரேம் முனைகளை மழைக்காலத்தில் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போட்டால்தான் சில வருஷம் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும். சாட்டா முனையை அப்படித் தேய்க்காதீர்கள். கேபிளை மாற்றுவதே சரி, அதிக விலையும் இல்லை. பிடித்துக்கொள்ள இரும்புக் கிளிப் உள்ள கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். மதர்போர்டிலும் பழைய துளையை விட்டுவிட்டு வேறு துளையில் செருகுங்கள்.

டிசம்பர் 8

கேபிள் மாற்றியாச்சு. டி டிரைவ் இப்போது கிளிக் செய்தவுடன் திறக்கிறதாம். மீதி வீடியோவும் நகல் ஆகிவிட்டது. எனக்கே நிம்மதியாக இருக்கிறது.

சி7 எண் இன்னும் 5,234 என்றே நிற்கிறது என்று பதறியிருக்கிறார். அது இறங்காது தம்பி. இதுவரை நடந்தவற்றின் மொத்தக் கணக்கு அது. இனி ஏறாமல் இருந்தால் போதும்.

ஆனால் கல்யாண ஃபோல்டர் ஒன்று மட்டும் இன்னும் உறைகிறது. டிஐஆர் போட்டால் அதே ஃபோல்டரின் பட்டியல் உடனே வருகிறது. ஆக இந்த தடவை டிஸ்க் இல்லை, எக்ஸ்ப்ளோரர் பக்கம்தான். போனிலிருந்து பாதி மாற்றும்போது நின்றுபோன வீடியோ ஏதாவது அதில் கிடக்கும். அதற்குச் சின்ன முன்தோற்றப் படம் தயார் செய்ய எக்ஸ்ப்ளோரர் முட்டிக்கொண்டிருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பகுதியில் முதல் வரி, எப்போதும் ஐகான் மட்டும் காட்டு என்பதை டிக் செய்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

டிசம்பர் 8, இரவு

அதுவேதான். மண்டபத்தில் எடுத்த ஒரு வீடியோ, அளவு மிகச் சிறியது, எதிலும் ஓடவில்லை. அழிக்கப் போனால் "எக்ஸ்ப்ளோரரில் திறந்திருக்கிறது" என்று மறுத்த ஃபைல், ஐகான் மட்டும் காட்டச் சொன்னதும் அழிந்துவிட்டது. முழு வீடியோ அக்கா போனில் இருக்கிறதாம்.

ஆக ஒரே கம்ப்யூட்டரில் மூன்று காரணம். ரைட் கிளிக்குக்கு ஒன்று, டி டிரைவுக்கு ஒன்று, கல்யாண ஃபோல்டருக்கு ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் அதே நீல வட்டம். விண்டோஸ் இருக்கும் சி டிரைவை ஃபார்மட் அடித்திருந்தால் முதலாவது மட்டும் போயிருக்கும். கேபிளும் அந்த அரைகுறை வீடியோவும் அப்படியே இருந்திருக்கும்.

டிசம்பர் 10

லாஸ்பேட்டை நண்பர் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் வைத்திருக்கிறார். இதையெல்லாம் படித்துவிட்டு அவரும் பழைய விண்டோஸ் டிஸ்கிலிருந்து நகலெடுக்க உட்கார்ந்தால் சில ஃபைல்கள் மட்டும் "பெயர் மிக நீளம்" என்று மறுக்கின்றனவாம். விண்டோஸில் திறந்த ஃபைல் இங்கே ஏன் மறுக்கிறது என்று கேட்கிறார்.

எல்லாம் தமிழில் பெயர் வைத்த ஃபைல்களாக இருக்கும், சரிதானே? டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறை இரண்டிலும் வேறு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை இடம். லினக்ஸின் இஎக்ஸ்டி4-இல் 255 பைட் மட்டும். எழுத்தை பைட்டாக மாற்றி எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியாகக் கணக்கு, அதனால் "க்" மட்டுமே 6 பைட். மொத்தம் 85 குறிக்கு மேல் போக முடியாது. என் வேலையில் இது அடிக்கடி வரும். "மணமகன் வீட்டு வரவேற்பு அழைப்பிதழ் தாத்தா பெயர் சேர்த்த இறுதித் திருத்தம்" என்கிற மாதிரி வைத்துக்கொண்டே போனால் எல்லையைத் தொட்டுவிடும். நான் இப்போது தேதியும் வீட்டுப் பெயரும் மட்டும் வைக்கிறேன். நீங்கள் அந்தப் பெயர்களை விண்டோஸிலேயே சுருக்கிவிட்டு எடுங்கள். இல்லையென்றால் என்டிஎஃப்எஸ் வெளி டிஸ்குக்கு மாற்றுங்கள்.

டிசம்பர் 14

இப்போது செக்டிஸ்க் போடலாமா என்று தம்பி கேட்கிறார். இப்போது போடலாம், போடவும் வேண்டும். நகல் கையில் இருக்கிறது, கேபிளும் மாறிவிட்டது. உறைந்தபோதெல்லாம் பவர் பட்டனை அழுத்தி அணைத்திருக்கிறீர்கள் என்பதால் எந்த ஃபைல் எங்கே என்று டி டிரைவ் வைத்திருக்கும் கணக்கில் ஏதாவது பிசகு இருக்க வாய்ப்புண்டு. எஃப் மட்டும் சேர்த்துப் போடுங்கள், ஆர் தேவையில்லை.

முடிந்ததும் டி டிரைவில் ஃபவுண்ட் என்று தொடங்கும் ஒரு மறைவான ஃபோல்டர் வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள். பெயர் இழந்த துண்டுகளை அதில்தான் போட்டு வைக்கும். வியூவில் ஹிடன் ஐட்டம்ஸ் டிக் செய்து, சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரிய அளவில் ஏதாவது இருந்தால் அதன் பெயரின் கடைசியில் எம்பி4 என்று மாற்றி விஎல்சியில் போட்டுப் பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள்.